பேச முடியுதா

மச்சான் வீட்டுக் கிளி முதன்முதலாக வாயைத் திறந்த இடத்தில் ரேடியோ நின்றுபோனது.

ரேடியோ என்பது அந்த லிஃப்ட் மெக்கானிக்கின் பட்டப்பெயர். கம்பெனியில் சேர்ந்த புதிதில் யாரோ விளையாட்டாக வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது அவர் மனைவிகூடக் கோபம் வந்தால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் திட்டுவாள். மனிதரும் பெயருக்குக் குறை வைத்ததில்லை. ஸ்பேனரைக் கையில் எடுக்கும்போது தொடங்குகிற பேச்சு, அதைத் துடைத்துப் பைக்குள் போட்ட பிறகும் ஓயாது. சித்தப்பா சைக்கிள் பழகிய கதை, பக்கத்து வீட்டுக்காரர் பல்செட்டைத் தொலைத்த கதை, மச்சான் கதைகள் தனி வரிசை. ஒரே கதையை மறுபடி சொன்னாலும் அதில் புதிதாக ஓர் ஆள் வந்து உட்கார்ந்திருப்பார். அதனால் கேட்கிறவர்கள் யாரும் அலுத்துக்கொண்டதில்லை.

இப்போதுதான் கேட்க ஆள் சரியில்லை. லிஃப்ட் வேலைக்குத் தனியாக யாரையும் அனுப்ப மாட்டார்கள், இரண்டு பேர் போக வேண்டும் என்பது விதி. பழைய ஜோடி ஓய்வு பெற்றுப் போனதும் அவருக்கு வந்து வாய்த்தவனுக்கு அவரே பூட்டு என்று பெயர் வைத்தார். நாற்பதைத் தொடாத, ஒல்லியான, முழங்கையில் எப்போதும் கிரீஸ் கறையுள்ள ஆள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வாயிலிருந்து வருவது “ம்”, “சரிண்ணே”, “அந்த டார்ச்சைக் கொடுங்க”, அவ்வளவுதான். உலகமே சிரிக்கிற இடத்தில் அவன் ஏதாவது ஒரு நட்டைத் திருகிக்கொண்டிருப்பான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ரேடியோ சூப்பர்வைசரிடம் போய், “மேடம், சுவரோட குடித்தனம் நடத்துற மாதிரி இருக்கு. வேற யாரையாவது ஜோடி போட்டுக் கொடுங்க” என்று கேட்டும் வைத்திருந்தார். பார்க்கலாம் என்று அந்த அம்மாளும் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு இருவரும் ஓர் உயரமான குடியிருப்பின் உச்சியில், மொட்டை மாடிக்கும் மேலே இருந்த மெஷின் ரூமில் இருந்தார்கள். பெரிய மோட்டார், அதன் மேல் இரும்புக் கயிறுகள் சுற்றிக் கீழே இருட்டுக்குள் இறங்கும் சக்கரம், சுவரோரமாக மின்பெட்டிகள். பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்கிற வேலை. எல்லா மாடியிலும் லிஃப்ட் ஓடாது என்று அட்டை தொங்கவிட்டாயிற்று. கழற்றிய பாகங்கள் துணியின் மேல் வரிசையாகக் கிடந்தன. மதியம் ஆனதும் இருவரும் கருவிப் பெட்டிகளை எதிரெதிரே போட்டு உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தார்கள். ரேடியோவுக்கு மனைவி கட்டிக்கொடுத்தது, தடிமனாக வெட்டிய இறைச்சித் துண்டுகளை நடுவில் வைத்த ரொட்டி. பூட்டு அவித்த முட்டையைத் தோலுரித்துக்கொண்டிருந்தான்.

“மச்சான் அந்தக் கிளிய வாங்கி எத்தனையோ மாசம் ஆச்சு. வாயவே திறக்கல. உன் சொந்தக்காரக் கிளி போல” என்று ஆரம்பித்திருந்தார் ரேடியோ. “இவன் தினமும் காலையில கூண்டு முன்னாடி உக்காந்து, வாங்க, உக்காருங்க, சாப்ட்டீங்களா, அப்படின்னு பாடம் எடுக்குறான். அது இவன ஒரு மாதிரியா பாக்குது. என் தங்கச்சி சொல்றா, அதுக்கு விளங்கிடுச்சு, உங்களுக்குத்தான் இன்னும் விளங்கலன்னு. இப்படி இருக்கும்போது ஒருநாள், மச்சானோட மேலதிகாரி திடீர்னு வீட்டுக்கு வந்துட்டார். கூடத்துல வந்து நிக்கிறார். கிளி அவர மேலயும் கீழயும் பாத்துச்சு. பாத்துட்டு, மெதுவா வாயத் திறந்து...”

சிரிப்பு அவருக்கே முந்திக்கொண்டு வந்துவிட்டது. வாய் நிறைய இருந்ததை விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாரா, சொல்லிக்கொண்டே விழுங்கினாரா என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. மூச்சை உள்ளே இழுத்தார். மூச்சு வரவில்லை.

முதலில் பயமே இல்லை. வெட்கம்தான் வந்தது. ஒரு நொடியில் சரியாகிவிடும், அதற்குள் இவன் பார்த்துவிடக் கூடாது என்று தோன்றியது. எழுந்து கதவுப் பக்கம் போகப் பார்த்தார். இரும முயன்றார். இருமலுக்கு வேண்டிய காற்று உள்ளே இல்லை. தொண்டைக்குள் யாரோ ஒரு மூடியை இறுக்கித் திருகி வைத்ததுபோல இருந்தது. கை தானாகக் கழுத்துக்குப் போனது. வாய் திறந்திருந்தது, உதடுகள் அசைந்தன, ஒன்றும் வெளியே வரவில்லை. வாழ்நாள் முழுக்கச் சத்தத்தாலேயே தன்னைச் சுற்றி ஆட்களைச் சேர்த்து வைத்திருந்த மனிதர், உயிர் போகிற நேரத்தில் ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றார்.

தண்ணீர் பாட்டிலை எட்டி எடுத்தார். அது கையிலிருந்து பிடுங்கப்பட்டது.

“தண்ணி வேண்டாம்” என்றான் பூட்டு. அவன் எப்போது எழுந்தான் என்று தெரியவில்லை. முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக் கேட்டான். “அண்ணே, பேச முடியுதா?”

ரேடியோ இல்லை என்று தலையை ஆட்டினார்.

“இரும முடியுதா?”

அதற்கும் இல்லை.

“சரி. நான் பாத்துக்கறேன். என் கைமேல சாய்ங்க.”

ஒரு கையை அவர் மார்பில் கொடுத்து, தலை கீழே வரும்படி அவரை முன்னால் குனியவைத்தான். மறு கையின் அடிப்பாகத்தால் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் அடித்தான். ஆறுதலுக்குத் தட்டுகிற தட்டு இல்லை, கதவை உடைக்கிற அடி. ஒவ்வோர் அடிக்கும் பிறகு வாயைப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. ரேடியோவின் காதுக்குள் இரைச்சல் தொடங்கியிருந்தது. கண்ணுக்கு முன்னால் சக்கரமும் இரும்புக் கயிறும் ஓரங்களிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தன. கீழே ஓடிப்போய் ஆள் கூப்பிடலாமென்றால் லிஃப்டின் பிரேக் துணியின் மேல் கிடந்தது. டாக்டரே வந்தாலும் அத்தனை மாடிப்படியையும் ஏறித்தான் வர வேண்டும். அது அந்த நிலையிலும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்தத் தெளிவு எதற்கு என்றுகூடத் தோன்றியது.

பூட்டு அவரைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டான். அப்படித்தான் தோன்றியது, கட்டிக்கொண்ட மாதிரி. தொப்புளுக்கு மேலே, விலா எலும்புகள் பிரிகிற இடத்துக்குக் கீழே ஒரு முஷ்டி வந்து பதிந்தது. அதன்மேல் மறு கை. உள்ளே இழுத்து மேல்நோக்கி ஓர் உந்து. கால்கள் தரையைவிட்டு எழும்பின. இன்னொன்று. இன்னொன்று. மறுபடி குனியவைத்து முதுகில் அடி. மறுபடி அந்தக் கட்டிப்பிடிப்பு. காதருகே பூட்டின் குரல் கேட்டது. “வரும். வந்துடும்ணே. வரும்.” ஏதோ நகராத நட்டிடம் பேசுவதுபோல, அவசரமில்லாத குரல்.

விலாவில் ஏதோ ‘நறுக்’ என்றது. அதோடு அந்த இறைச்சித் துண்டு வெளியே தெறித்து மோட்டாரின் மேல் போய் விழுந்தது.

காற்று உள்ளே நுழைந்தபோது எழுந்த சத்தத்தை அவர் அதற்கு முன் எந்த மனிதரிடமும் கேட்டதில்லை. தன்னிடமிருந்துதான் வருகிறது என்று புரியச் சற்று நேரம் ஆனது. தரையில் மண்டியிட்டு, எண்ணெய் நாற்றமும் தூசியுமாக அந்த அறையின் காற்றைக் குடித்தார். அப்படி ஒரு ருசி எதிலும் இருந்ததில்லை. பூட்டு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்திருந்தான். அடித்த அதே இடம். இப்போது ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் கை ஏறி இறங்கியது.

மெஷின் ரூமில் போனுக்கு சிக்னல் கிடைக்காது. மாடிப்படியில் இவரை இறக்கவும் பூட்டுக்கு மனம் வரவில்லை. அவரைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, கழற்றிய பிரேக்கை அவன் திரும்பப் பூட்டினான். வழக்கமாக இருவர் செய்கிற வேலை. ஒவ்வொரு பாகத்தையும் எடுப்பதற்கு முன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டான். மாட்டி முடித்து, காலியாக மேலும் கீழும் ஓடவிட்டு, பிரேக் பிடிக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்த பிறகே லிஃப்டை மேலே கொண்டுவந்து அவரைக் கைத்தாங்கலாக உள்ளே நிறுத்தினான். இறங்கும் வழியில் ஒரு மாடியில் கதவு திறந்தது. கீழ்மாடியில் யாருக்கோ கொடுக்க வாங்கிய காய்கறிப் பையோடு ஓர் அம்மாள் ஏறினாள்.

“இப்பத்தான் முடிஞ்சுதா? எவ்வளவு நேரமாத்தான் இத வச்சுப் பண்ணுவீங்க. படியேறி முட்டி போச்சு” என்றாள்.

“மன்னிச்சுக்கங்கம்மா” என்றான் பூட்டு.

ரேடியோவின் கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது, சட்டையில் எச்சில். அந்த அம்மாள் பையைக் கை மாற்றிக்கொண்டு மாடி எண்கள் குறைவதைப் பார்த்தபடி நின்றாள். பையிலிருந்து கீரைக்கட்டு ஒன்று எட்டிப் பார்த்தது. முட்டி வலியையும் கீரையையும் பற்றி மட்டுமே கவலைப்படுகிற அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு என்னவோ செய்தது. கோபித்துக்கொள்ள ஆள் இருக்கிற உலகத்துக்குத் திரும்ப வந்திருக்கிறோம் என்று நினைத்தார். அவள் இறங்கும்போது, தன்னை அறியாமல் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். அவள் இவரை ஒருமுறை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு விலா எலும்பில் விரிசல். தொண்டை உள்ளே உரசிப் புண்ணாகியிருந்தது. வயிற்றுக்குள் அடி எதுவும் இல்லை என்று அழுத்திப் பார்த்துச் சொன்ன பிறகு, இளவயது டாக்டரம்மா பூட்டின் பக்கம் திரும்பினாள்.

“நீங்கதான் செஞ்சீங்களா?”

“ஆமாங்க. எலும்பு போயிடுச்சு.”

“எலும்பு ஒட்டிக்கும். நிறைய பேர் தண்ணியக் கொடுத்து, வாய்க்குள்ள விரலை விட்டு, இன்னும் உள்ள தள்ளிடுறாங்க. இருமிட்டு இருந்தா இரும விடணும். சத்தமே வரலைன்னாத்தான் ஆபத்து. முதுகுல அஞ்சு, வயித்துல அஞ்சு, வெளிய வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி. சரியாப் பண்ணியிருக்கீங்க.” பிறகு ரேடியோவிடம், “ஒரு வாரத்துக்கு நீங்க பேசக் கூடாது” என்றாள்.

அவரோடு வேலை செய்கிற வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால் கம்பெனியே விழுந்து விழுந்து சிரித்திருக்கும். ரேடியோ பூட்டைப் பார்த்தார். பூட்டு சிரிக்கவில்லை. மருந்து வாங்க இருவரும் வெளி பெஞ்சில் காத்திருந்தபோது, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்.

“அண்ணே. அந்தக் கிளி என்ன சொல்லுச்சு?”

ரேடியோ வாயைத் திறந்தார். டாக்டர் சொன்னது நினைவு வந்து மூடிக்கொண்டார். பூட்டு அவர் கையை ஒரு தட்டுத் தட்டினான். “பரவால்ல. அப்புறமாச் சொல்லுங்க.”

வீட்டில் அந்த வாரம் விசித்திரமாக இருந்தது. மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள், நிதானமானவள். செய்தி கேட்டு ஓடிவந்தபோதுகூட அழவில்லை. ஆனால் மறுநாள் சமையலறையில் கத்திச் சத்தம் நிற்காமல் கேட்பதைக் கவனித்து ரேடியோ எட்டிப் பார்த்தார். தனியாக நின்று காரட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டியதைத் திரும்ப வெட்டினாள், அதையும் திரும்ப வெட்டினாள், கடைசியில் பலகைமேல் இருந்தது காரட் என்று சொல்லவே முடியாத ஒரு பொடி. அவர் பின்னால் வந்து அவள் கையைப் பிடித்தார்.

“நான்தான் பெருசு பெருசா வெட்டி வச்சேன்” என்றாள் அவள், திரும்பாமல்.

இல்லை என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல முடியவில்லை. அவள் தோளில் முகத்தை வைத்து, இல்லை என்று இடமும் வலமும் உரசினார். அப்போதுதான் அவள் அழுதாள்.

சாப்பாட்டு மேசைக்கு வருவதற்கே பயமாக இருந்தது அவருக்கு. கஞ்சியைக்கூட வாயில் வைத்துக்கொண்டு நேரம் கடத்தினார். விழுங்குவது என்பது தானாக நடக்கிற காரியமாக இருந்தவரை அதைப் பற்றி யோசித்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு வாய்க்கும் உள்ளே ஒரு கதவிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. மனைவி எதிரே உட்கார்ந்து, அவர் விழுங்கி முடிக்கும்வரை தன் கரண்டியைத் தூக்காமல் இருந்தாள். மூச்சு விடும்போதெல்லாம் விலா வலித்தது. அந்த வலி மட்டும் அவருக்குத் தொல்லையாகத் தெரியவில்லை. படியேறும்போது வலித்தது, கொட்டாவி விட்டால் வலித்தது, மனைவி ஏதோ சொல்லிச் சிரிப்பு வந்தபோது கண்ணில் நீர் வருமளவு வலித்தது. ஒவ்வொரு வலியும், பார், மூச்சு விடுகிறாய், பார், விடுகிறாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. காலையில் எழுந்ததும் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பேச்சு இல்லாததால் மற்றவர்களின் பேச்சு காதில் விழத் தொடங்கியது. மனைவிக்குக் கடையில் நடந்ததைச் சொல்ல இத்தனை இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கண்ணாடி போட்டதும் முதல்முறையாகத் தன் பேத்தி முகத்தைத் தெளிவாகப் பார்த்த ஒரு பெரியவர், கடைக்குள்ளேயே நின்று பேத்தியின் மச்சங்களை எண்ணினாராம். இது எப்போது நடந்தது என்று சைகையில் கேட்டார். போன வருஷம் என்றாள். “சொல்ல வந்தேன். நீங்க பல்செட் கதைய ஆரம்பிச்சுட்டீங்க.”

அந்த வாரத்திலேயே ஒருநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டு அனுப்பினார். ரேடியோ விலாவைப் பிடித்துக்கொண்டு போய் எதிரே நின்றார்.

“நீங்க கேட்டது கிடைச்சிடுச்சு. அடுத்த வாரத்துலேருந்து வேற ஆள் உங்களோட. நல்லாப் பேசுவான்” என்றார் அந்த அம்மாள்.

ரேடியோ பலமாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று இரண்டு கைகளையும் வீசினார். வலி சுரீர் என்றது.

“வேண்டாமா? நீங்கதானே சுவரோட குடித்தனம்னு சொன்னீங்க?”

பேசக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு மறந்துபோனது. “அது நல்ல சுவர் மேடம்” என்றார். துருப்பிடித்த கீல் திரும்புகிற குரல். “சாஞ்சுக்கலாம்.”

வெளியே வந்தபோது பூட்டு கிடங்கிலிருந்து புதுக் கயிற்றுச் சுருளை எடுத்துக்கொண்டு வந்தான். இவர் எங்கிருந்து வருகிறார் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

“ஆள் மாத்தச் சொல்லியிருந்தீங்கன்னு அப்பவே மேடம் சொன்னாங்க” என்றான். “தப்பில்லண்ணே. என்னோட இருக்கறது கஷ்டந்தான்.”

அவன் குரலில் குறை ஏதும் இல்லை. அதுதான் ரேடியோவைத் தைத்தது. இது தெரிந்த பிறகும், அன்றைக்கு அந்த அறையில், அந்தக் கைகள்... அவர் எதையோ சொல்லத் தொடங்கினார். இத்தனை வருஷம் வாயில் வைத்துக் குதப்பிய அத்தனை சொற்களில் இதற்கு உதவுகிற ஒன்றும் அகப்படவில்லை. நன்றி என்றால் கடையில் மீதிச் சில்லறை வாங்கியவன் சொல்வதுபோல இருந்தது. பூட்டு அவர் தவிப்பதைப் பார்த்துவிட்டு, “பேசாதீங்க. டாக்டரம்மா திட்டுவாங்க” என்று சுருளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

“வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்துடலாம். சும்மா இருக்கக் கூடாது” என்று மனைவிதான் சொன்னாள். பூட்டிடம் கேட்டபோது அவன் வேண்டாம் வேண்டாம் என்றான், பிறகு அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். அவனுக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்பதே ரேடியோவுக்கு அப்போதுதான் தெரியும். தினமும் கூட உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், உன் வீட்டில் யாரெல்லாம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதிலுக்குக் காத்திருந்திருக்க மாட்டார்.

பேசக் கூடாத வாரம் முடிந்து வந்த ஒரு விடுமுறை நாளில், வெயில் தாழ்ந்த பிறகு போனார்கள். தரைத்தளத்தில் சின்ன வீடு. சுவர் ஓரமாகப் பிடித்துக்கொண்டு நடக்கக் கைப்பிடிகள் அடித்திருந்தன, லிஃப்டுக்குள் இருக்குமே அதே மாதிரிக் கைப்பிடிகள். ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். ரேடியோவைவிடச் சில வயது மூத்தவள். தலையைப் படிய வாரியிருந்தாள், கழுத்து மட்டும் ஒருபக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. பஸ் கண்டக்டராக இருந்தவள் என்று, தெருமுனைக்கு வந்து அழைத்துப்போன வழியில் பூட்டு சொல்லியிருந்தான். கடைசி சீட்டில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருகிற குரலாம். நரம்புகளைத் தளர்த்துகிற நோய் ஒன்று வந்து, முதலில் கால்கள், பிறகு குரல், இப்போது தொண்டை.

“வாங்க” என்றாள். சொல் மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக ஏறி இறங்கி வந்தது. “உள்ள... போங்க. படியில... நிக்காதீங்க.”

அது கண்டக்டர் ஜோக் என்று புரிய ரேடியோவுக்கு ஒரு கணம் ஆனது. புரிந்ததும் சிரித்தார், விலாவைப் பிடித்துக்கொண்டார்.

“எலும்ப... இவன்தான்... உடைச்சானா? எனக்கும்... ஒருதடவை... உடைச்சிருக்கான்.”

ரேடியோ பூட்டைப் பார்த்தார். அவன் சமையலறை வாசலில் நின்று தரையைப் பார்த்தான்.

“அக்காவுக்கு அடிக்கடி அடைக்கும்ணே” என்றான். “ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாது. தண்ணியக் குடுத்து, தலையில தட்டி, ஒருநாள் போயே போயிருப்பாங்க. அப்புறம் ஆஸ்பத்திரியில போய்க் கத்துக்கிட்டேன். இப்ப அவங்க சாப்பிடும்போது நான் பேசறதில்ல. சத்தம் நிக்குதான்னு காத அதுமேலயே வச்சுக்கிட்டு இருப்பேன். எங்க யாரு சாப்ட்டாலும் அப்படியே பழகிப்போச்சு.” கொஞ்சம் நிறுத்தினான். “அன்னைக்கு நீங்க நிறுத்தினீங்க பாருங்க, உடனே தெரிஞ்சுடுச்சு. நீங்க கதைய நடுவுல நிறுத்துற ஆளே இல்ல.”

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி ரேடியோ கேட்டதில்லை. அவர் மெல்ல எழுந்து அக்காவின் நாற்காலிக்கு எதிரே போய் உட்கார்ந்தார். கொண்டுவந்திருந்த சொற்களெல்லாம் பூட்டுக்கென்று கொண்டுவந்தவை. அவற்றைச் சேர்க்க வேண்டிய இடம் இது என்று தெரிந்தது.

“அக்கா” என்றார். “உங்க தொண்டையில கத்துக்கிட்டதுதான் என்னைக் காப்பாத்தினது. நீங்க பட்ட கஷ்டத்துலதான் நான் உயிரோட உக்காந்துக்கிட்டு இருக்கேன்.”

அக்கா அவரையே பார்த்தாள். முகத்தில் பாதி அசையாது, அதனால் அவள் என்ன நினைக்கிறாள் என்று கண்ணை வைத்துத்தான் சொல்ல வேண்டும். “நான்... இவனுக்கு... பாரம்னுதான்...” என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. ரேடியோவின் மனைவி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அக்காவின் மூக்குக்கண்ணாடி சரிந்திருந்தது. மனைவி அதைக் கழற்றி, வேலை செய்கிற கையின் பழக்கத்தில் காதுக்கம்பியை லேசாக வளைத்துச் சரிசெய்து, துடைத்துத் திரும்பப் போட்டுவிட்டாள்.

“உங்களுக்கும்... நான்... கடன்பட்டிருக்கேன்” என்றாள் அக்கா ரேடியோவிடம். “பல்செட்... எங்க இருந்துச்சு... தெரியும். சித்தப்பா... சைக்கிள்... மாட்டுமேல... விட்டது... தெரியும். நான்... வெளிய போயி... ரொம்ப வருஷம். தினமும்... வேலை முடிஞ்சு வந்து... இவன்... சொல்லுவான்.”

ரேடியோ திரும்பிப் பார்த்தார். பூட்டின் காது மடல்கள் சிவந்திருந்தன.

“உங்கள மாதிரி வராதுண்ணே” என்றான் அவன். “ஆனா விடாம சொல்லிடுவேன். வேலை செய்யும்போதே மனசுல ஓட்டிக்கிட்டே இருப்பேன், எதுவும் விட்டுப்போகக் கூடாதுன்னு. அதான் சிரிக்க மாட்டேன். சிரிச்சா மறந்துடும்.”

ரேடியோவுக்குத் தொண்டை அடைத்தது. இது வேறு அடைப்பு, இதற்கு மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது.

“கிளி” என்றாள் அக்கா. “அது... பாக்கி. இப்பவே... சொல்லுங்க. சாப்பாட்டுக்கு... முன்னாடி. நடுவுல... சொன்னா... செத்துருவேன்.”

ரேடியோ நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் இன்னும் கரகரத்தது. கிளி வாங்கிய நாளிலிருந்து ஆரம்பித்தார். கூண்டுக்கு முன்னால் மச்சான் பாடம் எடுத்ததைச் சொன்னார், தங்கை சொன்னதைச் சொன்னார், மேலதிகாரியைக் கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். “கிளி அவர மேலயும் கீழயும் பாத்துச்சு. பாத்துட்டு, மெதுவா வாயத் திறந்து, அப்படியே மச்சான் குரல்ல சொல்லுச்சாம்: ‘யாரு வந்திருக்கான்? நான் வீட்ல இல்லன்னு சொல்லிடு.’”

அக்காவிடமிருந்து வந்த சிரிப்பு, சிரிப்பு மாதிரி இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ உருளுகிற சத்தம், தோள்கள் குலுங்கின, கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பூட்டும் சிரித்தான். பற்கள் தெரிய, சுவரில் முதுகை முட்டிக்கொண்டு சிரித்தான். அவனுக்கு முன்பல் ஒன்று கோணலாக இருந்ததை ரேடியோ அன்றுதான் பார்த்தார்.

பிறகு சாப்பாடு எடுத்து வைத்தார்கள். நன்றாக மசித்த காய், குழைந்த பருப்பு, தண்ணீரிலும் ஏதோ பொடி கலந்து கெட்டியாக்கியிருந்தான் பூட்டு. நீராக இருந்தால் வழி தவறிப் போய்விடும் என்று சொன்னான். மற்றவர்களுக்கும் அதையே வைத்தாள் ரேடியோவின் மனைவி, யாரும் கேட்காமலே. அக்காவை நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். அவள் சின்னக் கரண்டியின் நுனியில் கொஞ்சம் எடுத்தாள். கரண்டி நடுங்கி, நின்று, வாய்க்குப் போனது. தாடையைத் தாழ்த்திக் கழுத்தை மடக்கிக்கொண்டாள். தெருவில் ஏதோ வண்டி போனது. அவள் தொண்டை மெல்ல மேலே ஏறியது, அங்கேயே சற்று நின்றது, பிறகு இறங்கியது. மேசையைச் சுற்றி இருந்த மூன்று பேரும், வாயில் ஒன்றும் இல்லாமலே, அவளோடு சேர்ந்து விழுங்கினார்கள்.